கண்ணில் பட்டது கைவிட்டுப் போகாமல்

2025 ஜூலை 8 அன்று ‘பாக்கெட்’ மூடப்பட்டது. அவசரத்தில் கண்ணில் படும் கட்டுரையை ஒரு சொடுக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு ஆற அமரப் படிப்பதற்காக, 2007-இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. 2017-இல் மொசில்லா அதை வாங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை நடத்துகிறவர்களே கையில் எடுத்த பிறகு என்ன பயம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எட்டு ஆண்டில் கதை முடிந்தது. சேமித்த முகவரிகளின் பட்டியலை இறக்கிக்கொள்ளச் சில மாத அவகாசம் மட்டும் பயனர்களுக்குக் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு ‘ஆம்னிவோர்’. 2024 அக்டோபர் இறுதியில் அதன் குழு இலெவன்லேப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்துகொள்ள, நவம்பருக்குள் உங்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று அறிவிப்பு வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னோடி ‘டெலிஷியஸ்’. 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கி, லிங்க்குகளுக்கு டேக் போட்டு ஊரறியப் பகிரும் பழக்கத்தைப் பரப்பிய தளம். யாகூ கைக்குப் போய், பல கை மாறி, 2017-இல் போட்டித் தளமான பின்போர்டிடம் 35,000 டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் செய்த முதல் வேலை, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி அதைப் பூட்டியதுதான்.

சேமித்த இடம் போவது ஒரு தொல்லை என்றால், சேமித்த பக்கமே போவது இன்னொன்று. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டு கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையோ வசதிகளையோ முதலில் பார்க்க வேண்டாம். உள்ளே போட்டதை முழுதாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா? அதைப் பாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் கருவிகள் எல்லாம் அந்தக் கேள்வியில் தேறியவை.

தொடங்கும் முன்

செய்ய வேண்டிய வேலை நான்கு: முகவரியைச் சேமிப்பது, பக்கத்தின் நகலை எடுப்பது, குறிப்பு எழுதுவது, பிறருக்குப் பகிர்வது. நான்கையும் ஒரே கருவியில் செய்ய முயல்கிறவர்கள், அந்தக் கருவி மூடப்படும் நாளில் நான்கையும் சேர்த்து இழக்கிறார்கள். பிரித்து வைப்பது சற்றுக் கூடுதல் வேலைதான், ஆனாலும் நல்லது.

தேவையானவை:

1. குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் உள்ள கணினி. கைபேசியில் சேமிக்கலாம், பகிரலாம். குறிப்பு எழுதக் கணினிதான் வசதி.
2. ரெயின்டிராப் தளத்தில் ஒரு கணக்கு. முகவரி சேமிக்க.
3. ஹைப்பாதெசிஸ் தளத்தில் ஒரு கணக்கு. குறிப்பு எழுத.
4. சிங்கிள்ஃபைல் என்ற எக்ஸ்டென்ஷன். நகல் எடுக்க.
5. ஒரு மணி நேரம்.

ஐம்பது அறுபது லிங்க்குகளுக்கு மேல் சேர்க்கப் போவதில்லை என்பவர் பிரவுசரில் உள்ள புக்மார்க்கோடு நின்றுவிடலாம். கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தினால் பக்கம் சேமிப்பாகிவிடும். புதிய கணக்கு, புதிய பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம்.

பயிற்சிக்குக் கீழடி அகழாய்வை எடுத்துக்கொள்வோம். பள்ளி மாணவர் முதல் பத்திரிகையாளர் வரை பலரும் இணையத்தில் தேடும் பொருள். முன்னுக்குப் பின் முரணான எண்களும் அதில் நிறையக் கிடைக்கும்.

முகவரியைச் சேமித்தல்

ரெயின்டிராப்பின் இலவசக் கணக்கிலேயே எத்தனை லிங்க் வேண்டுமானாலும் சேர்க்கலாம். கட்டணக் கணக்கில் பக்கத்தின் நிரந்தர நகலும், பக்கத்துக்குள் இருக்கும் சொற்களைத் தேடும் வசதியும் உண்டு. தொடங்குகிறவருக்கு இலவசம் போதும்.

1. கணக்கைத் தொடங்கியதும் பிரவுசருக்கான எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். கைபேசியில் செயலியை நிறுவினால், எந்தப் பக்கத்திலும் ‘ஷேர்’ பொத்தானைத் தட்டி ரெயின்டிராப்புக்கு அனுப்பலாம்.
2. ‘கலெக்‌ஷன்’ ஒன்றை உருவாக்கி ‘கீழடி’ என்று பெயரிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சேமிப்பதெல்லாம் ‘அன்சார்ட்டட்’ என்ற மூலையில் போய்க் குவியும்.
3. கீழடி பற்றிய செய்தி ஒன்றைத் திறந்து, எக்ஸ்டென்ஷன் சின்னத்தை அழுத்துங்கள்.
4. திறக்கும் சிறு பெட்டியில் தலைப்பைப் பாருங்கள். பல செய்தித் தளங்கள் தலைப்போடு தங்கள் பெயர், ஊர்ப் பெயர், விளம்பர வாசகம் எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கும். வெட்டிச் சுருக்குங்கள்.
5. ‘நோட்’ பகுதியில் ஒரே ஒரு வரி: இதை எதற்காகச் சேமிக்கிறீர்கள்?
6. இரண்டு அல்லது மூன்று டேக் போட்டுச் சேமியுங்கள்.

ஐந்தாவது படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ‘கீழடி செய்தி’ என்று எழுதினால் பயனில்லை. அது தலைப்பிலேயே இருக்கிறது. ‘ஆய்வகத்துக்குப் போன மாதிரிகளின் எண்ணிக்கை இதில்தான் இருக்கிறது’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் கைகொடுக்கும். இந்த ஒரு வரிக்கு நேரமில்லை என்றால் அந்தப் பக்கத்தைச் சேமிக்காமல் விடுவதே மேல்.

டேக் போடும்போது தமிழில் வரும் சிக்கல்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தமிழில் டேக் போடுகிறவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

முதலாவது, வேற்றுமை உருபு. ‘நூல்’ என்ற டேக்கும் ‘நூலில்’ என்ற டேக்கும் கணினிக்கு இரண்டு தனிச் சொற்கள். ‘நூல்’ என்று தேடினால் ‘நூலில்’ சிக்குவதும் உறுதியில்லை. ல் மேல் இருந்த புள்ளி அங்கே இகரக் குறியாக மாறிவிட்டதே! டேக்குகளை எப்போதும் உருபு ஏறாத பெயர்ச்சொல்லாகவே வையுங்கள். ஒருமையா பன்மையா என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: ‘கல்வெட்டு’ என்றால் கடைசி வரை ‘கல்வெட்டு’தான், இடையில் ‘கல்வெட்டுகள்’ நுழையக் கூடாது.

இரண்டாவது, கண்ணை ஏமாற்றும் ஔகாரம். ‘பௌத்தம்’, ‘பெளத்தம்’ இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி; இரண்டாவதில் இருப்பது ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும். திரையில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். கணினிக்குத் தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள். தட்டச்சில் இந்தப் பிழை மிகச் சாதாரணம். கௌதமர், சௌராஷ்டிரம், மௌரியர் எல்லாவற்றிலும் வரும். டேக் பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, தமிழும் ஆங்கிலமும் கலப்பது. கீழடியை ஆங்கிலத்தில் எழுத இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழக்கத்தில் உள்ளன. எந்த மொழியில் டேக் போடுவது என்று தீர்மானித்து, அதிலேயே நில்லுங்கள்.

சிறு குறிப்பு: புதிய டேக் தட்டச்சு செய்யும்போது பழைய டேக்குகளைப் பெட்டி தானாகக் காட்டும். அதிலிருந்தே எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பக்கத்தின் நகலை எடுத்தல்

முகவரி இருந்தும் பக்கம் இல்லாமல் போகலாம் என்று பார்த்தோம். முக்கியமான பக்கத்துக்கு இரண்டு நகல் வேண்டும்: ஒன்று பொதுவில், ஒன்று உங்கள் கணினியில்.

பொது நகல், வேபேக் மெஷினில்:

1. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பக்கத்துக்குப் போனால் ‘சேவ் பேஜ் நவ்’ என்ற பெட்டி இருக்கும்.
2. முகவரியை ஒட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கணக்கு தேவையில்லை.
3. முடிந்ததும் புதிய முகவரி ஒன்று கிடைக்கும். அதன் நடுவில் 14 இலக்க எண் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.
4. அந்த முகவரியை ரெயின்டிராப் நோட்டில், நீங்கள் எழுதிய வரிக்குக் கீழே ஒட்டுங்கள்.
5. பிரவுசரின் ‘பிரைவேட்’ சன்னலில் நகலைத் திறந்து, கட்டுரை முழுதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது படியை விட வேண்டாம். கணக்கில் நுழைந்தால் மட்டும் தெரியும் பக்கங்கள், சந்தா கேட்கும் பக்கங்கள், பெரும்பாலான சமூக ஊடகப் பதிவுகள் ஆகியவற்றில், உள்ளே நுழையாத வெளியாளுக்குத் தெரியும் முன்வாசல் மட்டுமே நகலில் இருக்கும். வேபேக் மெஷினும் எல்லா நாளும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் அது இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் முடங்கியது, சுமார் 3.1 கோடி பயனர் கணக்குகளின் விவரங்களும் கசிந்தன. அங்கே கணக்கு வைத்திருந்தால், வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள்.

சொந்த நகல், சிங்கிள்ஃபைல் வழியாக:

1. பக்கத்தைக் கடைசி வரை உருட்டிவிட்டு மேலே வாருங்கள். படங்கள் பல, கீழே போனால்தான் திறக்கும்.
2. சிங்கிள்ஃபைல் சின்னத்தை அழுத்துங்கள். படங்களும் எழுத்தும் சேர்ந்து ஒரே கோப்பாக இறங்கும்.
3. கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும்.

‘பிரின்ட் கொடுத்து பி.டி.எஃப். ஆக்கினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். அப்படி எடுத்த தமிழ் பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேர்டில் ஒட்டுங்கள். பல சமயம் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, வரிசை மாறி வந்து விழும். பார்க்க நன்றாக இருக்கும் அந்தக் கோப்பில் தேடவும் முடியாது, மேற்கோள் எடுக்கவும் முடியாது. சிங்கிள்ஃபைல் தரும் நகலில் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

ஆய்வேடு எழுதுகிறவர்கள் நேராக ஸோட்டெரோவுக்குப் போகலாம். 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள். பக்கத்தின் நகல், ஆசிரியர், தேதி எல்லாவற்றையும் உங்கள் கணினியிலேயே வைக்கும். நூற்பட்டியலையும் தயார் செய்து தரும். இணையத்தில் ஒத்திசைக்க இலவசமாகக் கிடைக்கும் 300 எம்.பி. இடம், படங்கள் நிறைந்த நகல்களுக்குச் சீக்கிரமே போதாமல் போகும்.

பக்கத்தின் மேலேயே குறிப்பு எழுதுதல்

வேலையின் சுவையான பகுதி இதுதான். ஹைப்பாதெசிஸ் லாப நோக்கமில்லாத முயற்சியாக 2011-இல் தொடங்கியது. எந்த இணையப் பக்கத்தின் மீதும், அந்தப் பக்கத்தைத் தொடாமலேயே, ஓரத்தில் குறிப்பு எழுத விடும்.

1. குரோமில் எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் அவர்கள் தரும் ‘புக்மார்க்லெட்’டைப் புக்மார்க் வரிசைக்கு இழுத்து வையுங்கள்.
2. பக்கத்தைத் திறந்து சின்னத்தை அழுத்தினால் வலப்புறம் ஒரு பட்டை திறக்கும். உங்கள் கணக்கில் நுழையுங்கள்.
3. ஒரு சொற்றொடரைத் தேர்வு செய்யுங்கள். அதன் அருகில் ‘ஆனோடேட்’, ‘ஹைலைட்’ என்ற பொத்தான்கள் முளைக்கும்.
4. ‘ஹைலைட்’ வெறும் மஞ்சள் பூச்சு. உங்களுக்கு மட்டுமே தெரியும். ‘ஆனோடேட்’ அழுத்தினால் குறிப்பு எழுதும் பெட்டி திறக்கும்.
5. எழுதி முடித்ததும் வெளியிடும் பொத்தானின் அருகில் உள்ள அம்புக்குறியைத் தட்டி ‘ஒன்லி மீ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பதியுங்கள்.

இனிக் கீழடிக்கு வருவோம். 2017-இல் வந்த செய்திகளில், அங்கே கிடைத்தவை ஏறக்குறைய 2,200 ஆண்டு பழமையானவை என்று இருக்கும். 2019-இல் வந்த செய்திகளில் 2,600 ஆண்டு. இரண்டையும் படிக்கும் மாணவர், ஒன்று பொய் என்று முடிவு கட்டிவிட்டுப் பெரிய எண்ணைக் கட்டுரையில் போடுவார்.

பொய் எதுவும் இல்லை. 2017-இன் எண், மத்திய தொல்லியல் துறை அகழ்ந்து அனுப்பிய இரண்டு மாதிரிகளின் கரிமக் கணக்கு. நாடாளுமன்றத்தில் பதிலாகச் சொல்லப்பட்டது. 2019-இன் எண், தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் இருந்து வந்தது. நான்காம் கட்ட அகழாய்வின் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580 என்று வந்தது, 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205. தலைப்புச் செய்தியான 2,600 ஆண்டு, அந்த ஆழமான ஒரு மாதிரியின் காலம்.

இதைக் குறிப்பில் பிடிப்பது எப்படி? 2017 செய்தியில் ‘2,200’ என்ற எண்ணைத் தேர்வு செய்து இப்படி எழுதலாம்: “மத்திய துறையின் இரண்டு மாதிரிகள் மட்டும். 2019 அறிக்கையின் மாதிரிகள் இதில் இல்லை.” 2019 செய்தியில் ‘2,600’ மேல்: “ஆறில் ஒன்று, 353 செ.மீ. 200 செ.மீ. மாதிரிக்கு கி.மு. 205. ஆழத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதக் கூடாது.” இரண்டு குறிப்புக்கும் ‘காலக்கணிப்பு’ என்று ஒரே டேக். பிறகு ஹைப்பாதெசிஸில் அந்த டேக்கைத் தேடினால் இரண்டு எண்களும், அவற்றின் காரணங்களோடு அடுத்தடுத்து வந்து நிற்கும். நல்ல குறிப்பு என்பது ‘அருமை’, ‘முக்கியம்’ என்று எழுதுவதில் இல்லை. எண் யாருடையது, எந்தத் தேதியில் சொன்னது, எதை விட்டுவிட்டது என்று எழுதுங்கள்.

இங்கே வழக்கமாக இடறும் இடங்கள் மூன்று.

பக்கம் மாறிவிடுவது: செய்தித் தளம் வாக்கியத்தைத் திருத்தினால், உங்கள் குறிப்பு ஒட்டிக்கொள்ள இடமின்றி ‘ஆர்ஃபன்ஸ்’ என்ற பிரிவுக்குப் போய்விடும். குறிப்பு அழியாது. வேபேக் நகலை முன்பே எடுத்து வைத்திருந்தால் என்ன மாறியது என்றும் தெரிந்துவிடும்; சில நேரம் அந்த மாற்றமே செய்தியாக இருக்கும்.

பழைய எழுத்துருத் தளங்கள்: யூனிகோடுக்கு முந்தைய தமிழ்த் தளங்கள் சில, பாமினி போன்ற எழுத்துருக்களை நம்பி எழுதப்பட்டவை. பக்கத்தில் தமிழாகத் தெரியும் வரி, குறிப்புப் பட்டையில் ஆங்கில எழுத்துகளின் குவியலாக விழும். அந்த வரியை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கி, குறிப்புக்குள் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தேடலில் என்றுமே அகப்படாது.

ஸ்கேன் நூல்கள்: இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் உள்ள பழைய நூல்களில் பெரும்பாலானவை படமாக எடுத்தவை. எழுத்தைத் தேர்வு செய்ய முடியாது. ‘பேஜ் நோட்’ பகுதியில் பக்க எண்ணைப் போட்டு எழுதுவதே வழி.

பகிர்தல்

லிங்க்கை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுவதற்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். ஒட்டும் முன் அந்த லிங்க்கின் வாலைப் பாருங்கள்.

முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ‘யூ.டி.எம்.’ என்றோ ‘எஃப்.பி. கிளிக் ஐ.டி.’ என்றோ தொடங்கும் நீளமான பகுதி, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தளத்துக்குச் சொல்லும் அடையாளச் சீட்டு. யூடியூபின் ‘ஷேர்’ பொத்தான் தரும் லிங்க்கில் ‘எஸ்.ஐ.’ என்று ஒன்று ஒட்டியிருக்கும். வெட்டிவிட்டு அனுப்பலாம். ஆனால் கேள்விக்குறியைக் கண்டதும் கத்தியைத் தூக்கக் கூடாது: சில தளங்களில் கட்டுரையின் எண்ணே அதற்குப் பின்னால்தான் இருக்கும். வெட்டிய லிங்க்கைத் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.

குறிப்பிட்ட வரியை மட்டும் காட்ட:

1. குரோமில் வரியைத் தேர்வு செய்து, வலது சொடுக்கில் ‘காப்பி லிங்க் டு ஹைலைட்’ என்பதை எடுங்கள்.
2. பெறுகிறவர் திறந்தால் பக்கம் நேராக அந்த வரிக்கே போய், அதற்கு நிறம் பூசிக் காட்டும். இன்றைய குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றும் இதைப் புரிந்துகொள்ளும்.
3. வரியின் சில சொற்களைச் செய்தியிலும் எழுதி அனுப்புங்கள். பக்கம் திருத்தப்பட்டால் நிறம் வராது. சொற்களை வைத்துத் தேடிக்கொள்வார்.

தமிழில் இந்த லிங்க் பூதாகரமாக நீளும். முகவரிக்குள் தமிழின் ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக மாறுகிறது. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்து. ஆகவே, பக்கத்தில் வேறு எங்கும் வராத இரண்டு மூன்று சொற்களை மட்டும் தேர்வு செய்யுங்கள்.

பல லிங்க்குகளை ஒன்றாகக் கொடுக்க, ரெயின்டிராப்பில் ‘கீழடி’ கலெக்‌ஷனைத் திறந்து, ‘ஷேர்’ பகுதியில் பொதுப் பக்கமாக்குங்கள். அதற்கு முன் ஒவ்வொரு நோட்டையும் ஒரு முறை படித்துவிடுங்கள். ‘இந்த ஆள் எழுதியது நம்ப முடியாது’ என்று உங்களுக்காக எழுதி வைத்தது ஊர் பார்வைக்குப் போக வேண்டியதில்லை.

வகுப்பாகவோ குழுவாகவோ சேர்ந்து படிக்க, ஹைப்பாதெசிஸில் ‘பிரைவேட் குரூப்’ ஒன்றை உருவாக்கி அழைப்பு லிங்க்கை அனுப்பலாம். அந்த லிங்க் யாரிடம் போனாலும் அவர் உள்ளே வந்துவிடுவார். பெற்றோர் குழு, உறவினர் குழு என்று அது சுற்றாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் பொறுப்பு.

முழுக் கட்டுரையையும் நகலெடுத்து அனுப்பும் பழக்கத்தை விடுங்கள். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சிங்கிள்ஃபைல் நகலை இருநூறு பேருக்கு அனுப்புவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

பாதுகாப்பு

எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது, ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியைக் கேட்கும். பக்கத்தின் மேல் குறிப்பு எழுத அது தேவைதான். அதே அனுமதியில் உங்கள் வங்கிப் பக்கமும் அடங்கும். ‘கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷன் பல ஆண்டு நல்ல பெயரோடு இருந்தது. 2020-இல் அதை உருவாக்கியவர் யாரென்று தெரியாத ஒருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் மென்பொருள் என்று சொல்லி கூகுள் அதை முடக்கியது.

1. குரோமின் எக்ஸ்டென்ஷன் அமைப்பில் ‘சைட் ஆக்சஸ்’ பகுதிக்குப் போய் ‘ஆன் கிளிக்’ என்று மாற்றுங்கள். சின்னத்தை அழுத்தும்போது மட்டுமே அது பக்கத்தைப் பார்க்கும்.
2. வங்கி, மருத்துவ அறிக்கை, மின்னஞ்சல் பக்கங்களில் எதையும் சேமிக்கவோ ஹைலைட் செய்யவோ வேண்டாம்.
3. மூன்று மாதமாகத் தொடாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள்.
4. நூலகம், கல்லூரி, பிரவுசிங் சென்டர் கணினிகளில் உங்கள் கணக்கில் நுழைந்தால், எழுந்திருக்கும் முன் வெளியேறுங்கள்.

ஹைப்பாதெசிஸில் ‘பப்ளிக்’ என்று பதியும் குறிப்பு யார் கண்ணுக்கும் தெரியும். பொது உரிமையில் விடப்படுவதால் யாரும் எடுத்தும் ஆளலாம். பிறர் பக்கத்தில் எழுதுகிறோம் என்ற நினைப்பும் இருக்கட்டும். 2016-இல் ஜீனியஸ் நிறுவனத்தின் இதே போன்ற கருவியை, தனிப்பட்டவர்களின் வலைப்பூக்கள் மேல் வசை எழுதப் பயன்படுத்தலாம் என்ற எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேத்ரின் கிளார்க் அந்த நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். செய்தியையும் அறிக்கையையும் பொதுவில் அலசுங்கள். ஒருவர் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதிய பக்கம் என்றால் ‘ஒன்லி மீ’ போதும்.

மாதம் ஒரு முறை வெளியே எடுத்தல்

1. ரெயின்டிராப் அமைப்பில் ‘எக்ஸ்போர்ட்’ பகுதிக்குப் போய் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.வி. இரண்டு வடிவிலும் இறக்குங்கள். முதலாவதை எந்தப் பிரவுசரும் புக்மார்க்காக ஏற்கும். இரண்டாவதில் உங்கள் நோட்டுகள் அட்டவணையாகக் கிடைக்கும்.
2. ஹைப்பாதெசிஸ் பட்டையில் பகிர்வுச் சின்னத்தை அழுத்தினால் ‘எக்ஸ்போர்ட்’ தெரியும். திறந்திருக்கும் பக்கத்தின் குறிப்புகள் மட்டுமே இறங்கும். முக்கியமான பக்கங்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.
3. எல்லாக் கோப்புகளையும் சிங்கிள்ஃபைல் நகல்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து, மொத்தத்தையும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள்.
4. எச்.டி.எம்.எல். கோப்பைப் பிரவுசரில் திறந்து நாலைந்து லிங்க்குகளைச் சொடுக்கிப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பிப் பழையதை அழிக்க வேண்டாம்.

சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்ஸெலில் திறந்தால், தமிழ் வரிகள் எல்லாம் கிறுக்கலாகத் தெரியலாம். பதறி அழித்துவிடாதீர்கள், கோப்பு நன்றாகவே இருக்கிறது. எக்ஸெலைத் தனியாகத் திறந்து, ‘டேட்டா’ பட்டியலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் காட்டுங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யூ.டி.எஃப்-8 வரிசையை எடுத்தால் தமிழ் சரியாக வந்துவிடும். பிறகு அதை எக்ஸெல் கோப்பாகவே, தேதியைப் பெயரில் சேர்த்துச் சேமியுங்கள்.